எங்கள் வீட்டுத் தோடி

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை காலை டயானா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்வதுரையின் குரல் செய்தி வந்தது. வாயில் நுரையோடு அதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கொப்பளிக்க மறந்து அப்படியே நின்றாள்.

"வணக்கம்மா. நீங்க குரூப்புல போட்ட தோடிய நேத்துதான் நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அது வேகம் கொறஞ்ச பதிவும்மா. பாரி நாதஸ்வரம்னு எழுதியிருந்தீங்க. இல்ல, அது திமிரி. நாலு கட்டை சுருதி. உங்க மிஷின் அத ரெண்டு கட்டைக்கு எறக்கி வச்சிருக்கு. அதே ரெக்கார்டு எங்கிட்ட சுத்தமா இருக்கு, ஒரு துண்டு அனுப்பியிருக்கேன், கேட்டுப் பாருங்க. சாயங்காலம் அதையே போட்டுருவோம். நீங்க வந்து நாலு வார்த்த பேசுனா போதும். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். அதுதான் அதிகம் வலித்தது.

சென்னையில் கணவன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு டயானா தூத்துக்குடிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை கிடைத்திருக்கிறது. வந்த முதல் நாள் சாயங்காலம் அப்பா அம்புரோஸ் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்து மூலையில் இருந்த ரெக்கார்டு பிளேயரின் மேல் துணியை எடுத்தார், தட்டை வைத்தார், ஊசியை இறக்கினார். சிறு வயதில் அவள் தூங்கிப்போகும் வரை வாசித்துக்கொண்டிருந்த அதே நாதஸ்வரம். அதே தோடி. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

அந்த ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, செல்வதுரை நடத்தும் இசை ரசிகர் குழுவுக்கு அனுப்பியது போன மாதம். மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த இசைத்தட்டைப் பற்றிப் பேச, மற்றவர்கள் கேட்பார்கள். இந்த மாதம் டயானா. அப்பாவும் வருவதாகச் சொல்லிவிட்டார். காது மந்தமான பிறகு மாதா கோயில் பூசைக்குக்கூடக் கூட்டமில்லாத வேளை பார்த்துப் போகிறவர், போன வாரம் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருந்தார்.

திமிரி என்றால் குட்டை நாதஸ்வரம், உச்சக் குரல். பாரி என்றால் நீளமானது, அடிக்குரல். டயானா எழுதி வைத்திருந்த பேச்சு முழுக்க அந்த அடிக்குரலைப் பற்றியது.

சென்னையில் அவள் சமைக்கும்போது அந்தத் தோடியைத்தான் முணுமுணுப்பாள். கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற கணவன் கூடத்திலிருந்து சொல்வான்: "இழுக்காத டயானா. உனக்கு வேகமும் தெரியல, சுருதியும் தெரியல." கச்சேரிகளில் தோடி கேட்கும்போதெல்லாம் அவளுக்கு யாரோ அவசரப்படுகிற மாதிரி இருக்கும். தப்பு தன் காதில்தான் என்று பதினோரு வருடம் நம்பினாள். அந்த நம்பிக்கையைக் கழற்றி வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது செல்வதுரை அதை மரியாதையாக எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

அவன் சொன்னது சரிதானோ?

வாயைக் கொப்பளித்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

குசினியில் அம்மா ஞானசௌந்தரி தோசை வார்க்க, தம்பி ஜெரால்டு நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். விடுமுறையில் வந்து மூன்று வாரமாகிறது. வீட்டில் ஒரு சாமானையும் திருகிப் பார்க்காமல் விட்டதில்லை.

"என்னக்கா, மொகம் வெளுத்துப் போய் வார?"

அவள் இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினாள். ஜெரால்டு தோசையைத் தட்டில் வைத்தான். மறுபடியும் போடச் சொன்னான். பிறகு எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போய், பிளேயரைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து படித்தான். குனிந்தபடியே சிரித்தான்.

"எப்பா! இத எங்கன வாங்குனீங்க?"

அம்புரோஸ் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரராக, உலகத்தைச் சுற்றியவர். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவருக்கு மனசு குளிரும். காது மிஷினைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"கோபேல. ஒரிஜினல் சப்பான். அப்ப நம்ம தெருவுலயே இது ஒண்ணுதான். கரண்டு ஒத்துக்கிடாதுன்னு ஸ்டெப் டவுன் வாங்கி மாட்டுனேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு கோளாறு உண்டுமா?"

"யோகஹாமால வாங்கியிருந்தா தப்பிச்சிருப்போம்பா."

"என்னலே சொல்லுத?"

"சப்பான்ல பாதி ஊருல கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ துடிக்கும். மிச்ச ஊருல அறுபது. கோபே அறுபது, நம்ம ஊரு அம்பது. நீங்க மாட்டுன ஸ்டெப் டவுன் வோல்டேஜத்தான் கொறைக்கும், துடிப்ப மாத்தாது. அறுபதுக்குச் செஞ்ச மோட்டாரு அம்பதுல சுத்துனா மெதுவாத்தான சுத்தும்? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இது நொண்டிக்கிட்டுதான் ஓடுது."

அம்புரோஸின் கன்னத்தில் பாதிச் சோப்பு இருந்தது. பிளேடு பிடித்த கை இறங்கியது.

"ஆனா ஒண்ணு," ஜெரால்டு உற்சாகத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அவன் முட்டாள் இல்ல. ரெண்டு ஊருக்கும் ஒரே பெட்டியத்தான் விப்பான். மோட்டாரு தண்டுல மாட்டுத பித்தளத் துண்டு, இன்னொண்ணு கொஞ்சம் பெருசா பெட்டிக்குள்ள குடுத்திருப்பான், அம்பதுக்கு மாத்தி வேகத்தக் கூட்டிக்கிட. கொட்டப்பாக்கு அளவுல இருக்கும், நடுவுல ஓட்ட."

"நடுவுல ஓட்டையா?" என்று கேட்டபடி அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

அவள் பார்வை போன இடத்துக்கு எல்லாருடைய பார்வையும் போனது. தெருப் பக்கத்துச் சன்னல். திரைச்சீலையின் கீழ்நுனியில், கடற்காற்றுக்குப் பறக்காமல் இருப்பதற்காக நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, மங்கிய மஞ்சளில் ஒரு பித்தளைத் துண்டு.

"பெட்டியில சும்மா கெடந்துது. நாந்தான் கட்டுனேன்," என்றாள் அம்மா. "நல்லா கனமா இருந்துது."

"ஏளா சௌந்தரி, நீ நல்லா இருப்ப!"

"என்னைய எதுக்கு ஏசுதீங்க? சப்பான் பாசையில எழுதியிருந்தா எனக்குத் தெரியுமா? ஊரு ஊரா சுத்துனது நீங்களா நானா?"

ஜெரால்டு அதற்குள் நூலை அறுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பழைய துண்டு கழன்று புதியது ஏறியது. தட்டை வைத்தான். "எப்பா, ஊசிய வைங்க" என்று கேட்பான் என டயானா எதிர்பார்த்தாள். அவன் தானே வைத்துவிட்டான்.

நாதஸ்வரம் வெளிச்சமாகக் கிளம்பியது.

அதே பிடிகள்தான். அடுத்து எங்கே போகும், எங்கே நிற்கும் என்று டயானாவுக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் அவள் போய்ச் சேருவதற்குள் அது போய்விட்டிருந்தது. அவளுடைய தோடியில் காந்தாரம் என்கிற சுரம் நங்கூரம் போட்ட வள்ளம் மாதிரி நின்ற இடத்தில் ஆடும். இதில் அது துள்ளியது. நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். அப்பாவின் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது. இந்த மனிதர் இவ்வளவு இளமையாக இருந்திருக்கிறார், அப்போது நாம் இல்லை.

"இது கல்யாண வீடு மாதிரிலா இருக்கு," என்றாள் அம்மா. கரண்டி அவள் அறியாமல் தாளம் போட்டது. "இவ்வளவு நாளும் எழவு வீட்ட வச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

ஜெரால்டு சிரித்தான். டயானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்புரோஸ் காது மிஷினைக் கழற்றினார். துண்டால் முகத்துச் சோப்பைத் துடைத்தார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்தது.

"நான் சாயங்காலம் வரல," என்றார். பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஜெரால்டு வால்யூமைக் குறைத்தான். "நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?"

"நீ சரியாத்தாம்லே சொன்ன," என்றாள் அம்மா. "போயி மிச்சத் தோசையத் தின்னு."

டயானா மொட்டைமாடிக்குப் போனாள். துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் தெரிந்தன. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது.

மூன்று வழி இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாம். அல்லது போய், செல்வதுரையின் தட்டுக்கு முன்னால் நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காரலாம். எல்லாரும் கை தட்டுவார்கள். இரண்டிலும் அவளுக்குப் பழக்கம் உண்டு. சென்னையில் பதினோரு வருடம் அவள் செய்தது இந்த இரண்டையும்தான். ஒன்று ஒதுங்கினாள், இல்லையென்றால் மற்றவர்களுடைய சரிக்குத் தலையாட்டினாள்.

அவன் சொன்னது சரிதானோ என்று காலையில் எழுந்த கேள்வியை வெயிலில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். அவன் வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி. காதைப் பற்றிச் சொன்னது தப்பு. அவளுடைய காது, கேட்டதைக் கேட்டபடி வைத்திருந்தது. ஒரு பிடிகூட மாறாமல் வைத்திருந்தது. வேறெந்தக் காது இதைவிடச் சரியாக இருக்கும்?

மூன்றாவது வழி மிச்சமிருந்தது. கைப்பேசியை எடுத்தாள்.

"சார், டயானா பேசுதேன். உங்க தட்டப் போடலாம். ஆனா ரெண்டாவதா. மொதல்ல எங்க வீட்டுது."

"ஐயோ, அதுதான் வேகம் தப்புன்னு சொன்னேனம்மா."

"தெரியும் சார். ஏன் தப்புன்னும் இப்பத் தெரியும். அதையும் சொல்லுவேன்."

"வாரவங்க சும்மா இருக்க மாட்டாங்க. இருபது முப்பது வருசமா கேக்குறவங்க. முழு ஆலாபனையும் அந்த வேகத்துல போட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"அழைப்புல என்ன சார் போட்டிருக்கீங்க? 'எனக்குப் பிடித்த இசைத்தட்டு'ன்னா, 'சரியான இசைத்தட்டு'ன்னா?"



"புடிவாதக்காரியா இருக்கீங்களே."

"ஆமா சார். புதுசாத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

பின்கட்டில் அம்புரோஸ் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லை என்றால் அவருக்கு வெங்காயம் வேண்டும். டயானா எதிரே உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்த காது மிஷினை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அவன் கேலி பண்ணணும்னு சிரிக்கலப்பா."

"அவன் சிரிச்சா எனக்கு என்ன? கப்பல்ல கேப்டனே எங்கொழம்பப் பாத்துச் சிரிச்சிருக்கான்."

"பின்ன?"

அவர் ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தார்.

"நீங்க மூணு பேரும் தலையாட்டுனீங்க. உங்கம்மா தாளம் போடுதா. எனக்கு ஒண்ணும் கேக்கலளா. கீழ வாரப்பக் கொஞ்சம் கேக்கு. மேல போவுது பாரு, அங்கன போனதும் ஆளே இல்ல. மிஷினக் கூட்டி வச்சா ஊசி ஏத்துத மாதிரி கீச்சுங்குது. நம்ம பழசு அப்பிடி இல்ல. அது மேல போனாலும் நான் எட்டிப் புடிச்சிருவேன்."

டயானாவின் கையில் இருந்த வெங்காயத் தோல் கிழியாமல் நின்றது. காலையில் அவர் முகத்தில் பார்த்ததை அவமானம் என்று நினைத்திருந்தாள். தன்னுடையதை வைத்து அவருடையதை அளந்திருக்கிறாள். அந்த அறையில் நால்வர் இருந்தார்கள், மூன்று பேருக்கு மட்டும் நாதஸ்வரம் வாசித்தது.

"சரியானது எனக்கு வேண்டாம்," என்றார் அம்புரோஸ். "இருக்கிற மட்டும் அதுதான் எனக்கு. அதையும் தப்புன்னு நாலு பேரு முன்னால சொல்லி, புதுச போட்டு, நான் அங்கன கேக்காம உக்காந்து தலையாட்டணுமாக்கும்?"

"தப்புன்னு சொல்லத்தான் போறேன். ஆனா அதத்தான் மொதல்ல போடப் போறேன். போன்ல இருக்கது இல்ல. பிளேயர் செட்டையே தூக்கிட்டுப் போறேன்."

அவர் நிமிர்ந்தார். "செட்டையா?"

"ஜெரால்டு பழைய துண்ட மாட்டிருவான். ஆட்டோவுல கொண்டு போயிரலாம். அங்கன பையங்க யாராவது ஊசி வைப்பாங்க."

"எவனாவது ஊசி வைப்பானா?" அம்புரோஸ் கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஊசிக் கை கொஞ்சம் ஆடும். தூக்கி வைக்கத் தெரியலன்னா தட்டுல கோடு விழுந்துரும். கூறு இருக்கா ஒனக்கு?"

"அப்ப நீங்க வாங்க."

அவர் அவளை முறைத்தார். முறைப்பு மெல்ல வேறொன்றாக மாறியது.

"சமத்துதான்," என்றார். "யாரக் கொண்டு பொறந்தியோ இப்பிடி?" பிறகு மழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

சாயங்காலம் ஆட்டோவில் ஜெரால்டு செட்டைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்புரோஸ் ஆட்டோக்காரனை ஏசினார். அம்மாவும் வந்தாள். "எழவு வீட்ட ஊருக்குக் காட்டப் போறீங்க, நான் இல்லாமயா?" என்றாள். ஆனால் நல்ல சேலைதான் கட்டியிருந்தாள்.

பள்ளிக்கூடத்து மாடியறையில் முப்பது பேர் போல இருந்தார்கள். வழுக்கைத் தலைகள், கண்ணாடிகள், இரண்டு மூன்று பெண்கள். செல்வதுரை முகவாயைச் சொறிந்துகொண்டே அறிமுகம் செய்தார். செட்டின் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்தார்கள். அம்புரோஸ் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மருத்துவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். இரைச்சல் தாங்காமல் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டு, காதை ஸ்பீக்கருக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

டயானா எழுதி வைத்த பேச்சை எடுக்கவில்லை.

"இப்பப் போடப் போற தோடி தப்பான வேகத்துல ஓடும்," என்றாள். "வித்வான் வாசிச்சது வேற. எங்கப்பா கோபேல வாங்குன மிஷின் நம்ம ஊருக் கரண்டுல மெதுவா ஓடுது. அது எங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். இதக் கேட்டுத்தான் நான் வளந்தேன். இந்த வேகத்துலதான் எனக்குத் தோடி தெரியும். சரியான தட்டு சார்கிட்ட இருக்கு, அடுத்து அதையும் கேக்கலாம். மொதல்ல இதக் கேளுங்க. முழுசா."

பின்வரிசையில் ஒருவர், "ஸ்லோ மோசன் கச்சேரியா?" என்றார். சிலர் சிரித்தார்கள். டயானா அவரைப் பார்த்தாள். பார்வையை அவள் விலக்கவில்லை. அவர்தான் விலக்கிக்கொண்டார்.

அம்புரோஸ் ஊசியை வைத்தார்.

அடிக்குரலில் அந்த நாதஸ்வரம் எழுந்தது. அறையில் யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்து போனார், இன்னொருவரும். டயானா எண்ணவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் மேலே ஏற ஏற அவருடைய விரல் முழங்காலில் ஏறியது. உச்சியில் அது நின்ற இடத்தில் விரலும் நின்றது. அங்கே ஆள் இருந்தது.

தட்டின் பக்கம் முடிந்து ஊசி வெறுமனே உரசத் தொடங்கியபோது கைத்தட்டல் உடனே வரவில்லை. செல்வதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இது சம்மதம் இல்ல," என்றார் மெதுவாக. "ஆனா காந்தாரத்துலேருந்து மத்திமத்துக்குப் போறப்ப அவரு நடுவுல என்ன செய்யுதாருன்னு இன்னைக்குத்தாம்மா எனக்குக் கேட்டுது. என் தட்டுல அது பறந்துரும்."

அப்புறம்தான் தட்டினார்கள். அம்புரோஸுக்குக் கைகள் தெரிந்தன. அவர் எழுந்து, கப்பலில் சாப்பாட்டு மணி அடிக்கிறவர் மாதிரி, காது கேளாதவர்களின் உரத்த குரலில் சொன்னார்.

"இன்னொரு பக்கமும் இருக்கு! அத எம்மவ கேட்டதே இல்ல. அதையும் போடுதேன்."

தட்டைத் திருப்பினார்.

டயானாவுக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் கீறல் என்று அம்மா சிறு வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறாள். இப்போது விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கம் கண்ணாடி போல இருந்தது. ஒரு கோடு இல்லை.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். காலையில் கரண்டியால் தாளம் போட்டவளின் முகம் அது இல்லை.

"அத இங்கன போடாதீங்க," என்றாள்.

அம்புரோஸ் முதுகைக் காட்டி நின்றார். ஊசியின் கை அவர் விரல்களில் இருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் முன்னால் ஒருநாளும் வந்து நிற்காத ஞானசௌந்தரி, நாற்காலிகளுக்கு நடுவே மேசையை நோக்கி நடந்து வந்தாள். நாள் முழுக்க அப்பாவின் காதுக்காக நின்ற டயானா, இந்த வீட்டில் அம்மா எதைக் கேட்கிறாள், எதைக் கேட்க மாட்டேன் என்கிறாள் என்று ஒருமுறைகூடத் தான் யோசித்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

டயானா கை நீட்டி, மேசைக்கடியில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

தட்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. அம்புரோஸ் திரும்பினார். முதலில் மகளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். பையிலிருந்த மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லு சௌந்தரி," என்றார். "இப்பக் கேக்கு."